தீராத ஒரு கேள்வியோடு போங்கள்: மாணவர் நலத் துறையில் முதுகலை படிப்பவருக்கான மாநாட்டு வழிகாட்டி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வகுப்பறைக்கு வெளியே மாணவரின் வாழ்க்கையைக் கவனிக்கும் வேலை முழுவதற்கும் ‘ஸ்டூடண்ட் அஃபேர்ஸ்’ என்று ஒரே பெயர். விடுதி, புதுமுக மாணவர் வரவேற்பு, படிப்பு ஆலோசனை, ஒழுங்கு நடவடிக்கை, மாணவர் மன்றங்கள், வெளிநாட்டு மாணவர் அலுவலகம் எல்லாம் அதற்குள் அடங்கும். நம் கல்லூரிகளில் வார்டனும் என்.எஸ்.எஸ். அலுவலரும் பாடம் நடத்துவதற்கு நடுவே சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் வேலைகள் அங்கே தனித் தொழில். அந்தத் தொழிலுக்கென்றே இரண்டாண்டு முதுகலைப் படிப்பும், படிக்கும்போதே ஏதாவது ஓர் அலுவலகத்தில் சம்பளத்துடன் உதவிப் பணியும் உண்டு.

அந்தப் படிப்பில் சேர்ந்த முதல் பருவத்திலேயே மாநாட்டுப் பேச்சு தொடங்கிவிடும். நான் முதல் முறை போனது ஒரு நவம்பரில். மூன்று நாளில் பதினொரு அமர்வுகளில் உட்கார்ந்தேன். நோட்டுப் புத்தகம் நிறையக் குறிப்பு எடுத்தேன். திரும்பும் வழியில் யோசித்துப் பார்த்தால், அடுத்த வாரம் தொலைபேசியில் கூப்பிடக்கூடிய ஒரு புது மனிதர்கூட எனக்குக் கிடைத்திருக்கவில்லை.

அடுத்த மாதம், டிசம்பரில், குளிர்கால விடுமுறைக்காக நான் வேலை பார்த்த விடுதியைப் பூட்டினோம். வெளிநாட்டு மாணவர் சிலரும், அரசின் வளர்ப்புக் குடும்பப் பராமரிப்பிலிருந்து வந்த ஒரு மாணவரும் போக இடமில்லாமல் வராந்தாவில் பெட்டிகளோடு நின்றார்கள். ஒரு பெண்ணின் கையில் இன்னும் சூடு ஆறாத ரைஸ் குக்கர். மார்ச் மாதம் இரண்டாவது மாநாட்டுக்குப் போனபோது என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: விடுதியைப் பூட்டும் மூன்று வாரம் இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? அந்தக் கேள்விதான் எனக்கு மனிதர்களைத் தேடித் தந்தது. இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியையும் அதை வைத்தே சொல்கிறேன்.

1. கேள்வியை எழுதுங்கள்

மாநாட்டுக்குப் பதிவு செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. கேள்வி உங்கள் உதவிப் பணியிலிருந்து வரட்டும், பாடப் புத்தகத்திலிருந்து வேண்டாம். ‘மாணவர் ஈடுபாட்டை எப்படி அதிகரிப்பது?’ என்று கேட்டால் எவரும் பொதுவாகத்தான் பதில் சொல்வார்கள். ‘முதல் பருவத்தில் எங்கள் நிகழ்ச்சிகளுக்கு வந்த மாணவர்கள் ஜனவரிக்குப் பிறகு ஏன் வருவதில்லை?’ என்று கேட்டால், எதிரில் இருப்பவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

எழுதியதை உங்கள் மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். அவர் உடனே பதில் சொல்லிவிட்டால் அதற்காக விமானம் ஏற வேண்டியதில்லை. “இதற்கு நாங்களும் வழி தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்” என்று சொன்னால், கேள்வி கிடைத்துவிட்டது.

கேள்வியோடு ஓர் எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மாணவர், எத்தனை நாள், எவ்வளவு செலவு என்பது கையில் இருக்க வேண்டும். நான் அது இல்லாமல் போனேன். அதனால் என்ன ஆனது என்பதைக் கீழே சொல்கிறேன்.

2. எந்த மாநாடு என்று முடிவு செய்யுங்கள்

துறை முழுவதற்கும் பொதுவான பெரிய சங்கங்கள் இரண்டு. நாஸ்பா, 1919-ல் விஸ்கான்சினில் கூடிய ஆண் மாணவர்களுக்கான டீன்களின் கூட்டத்திலிருந்து வளர்ந்தது. ஏசிபிஏ, படித்து முடித்தவர்களுக்கு வேலை தேடித்தந்த அலுவலர்களின் சங்கமாக 1924-ல் தொடங்கியது. இரண்டையும் ஒன்றாக்க 2011-ல் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. அது தேறவில்லை. ஆகவே இன்றும் ஒவ்வொரு வசந்த காலத்திலும், பெரும்பாலும் மார்ச்சில், இரண்டு தேசிய மாநாடுகள் நடக்கின்றன. இரண்டுக்கும் போக மாணவரின் சம்பளம் தாங்காது. போகவும் தேவையில்லை.

அவற்றைத் தவிர ஒவ்வொரு பணிக்கும் தனிச் சங்கம் இருக்கிறது. விடுதிப் பணியாளர்களுக்கு 1951-ல் தொடங்கிய அகூஹோ-ஐ, படிப்பு ஆலோசகர்களுக்கு 1979-ல் தொடங்கிய நகேடா, வெளிநாட்டு மாணவர் பணியில் இருப்பவர்களுக்கு 1948-ல் தொடங்கிய நாஃப்ஸா. எந்தப் பணியில் நிலைக்கப் போகிறோம் என்று முடிவெடுத்துவிட்டவருக்கு இவைதான் அதிகம் உதவும். பேச்சு நேராகத் தொழில் நுணுக்கத்துக்குப் போய்விடும்.

முதலாண்டு மாணவருக்கு என் யோசனை வட்டார மாநாடு. நாஸ்பா நாட்டை ஏழு வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறது. வட்டார மாநாடுகள் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் நடக்கும். காரிலோ பஸ்ஸிலோ போய்விடலாம், கட்டணமும் குறைவு. தேசிய மாநாட்டில் ஆயிரக்கணக்கானோர் நடுவே ஒரு முறை பார்த்தவரை மறுபடி பார்ப்பது அரிது. வட்டார மாநாட்டில் காலையில் பேசியவரே மதியச் சாப்பாட்டு வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பார். என் முதல் மாநாடும் வட்டார மாநாடுதான். அது எனக்குப் பயன்படாததற்குக் காரணம் நான் போன விதம்.

3. காலண்டரில் பின்னோக்கி எண்ணுங்கள்

மார்ச் மாநாட்டில் நீங்களே அமர்வோ போஸ்டரோ (ஆய்வைச் சுருக்கமாக எழுதி மாட்டி வைக்கும் பெரிய தாள்) தர விரும்பினால், அதற்கான விண்ணப்பம் பெரும்பாலும் முந்தைய கோடையின் கடைசியிலோ செப்டம்பர் வாக்கிலோ முடிந்துவிடும். பல மாணவர்கள் ஜனவரியில்தான் மாநாட்டை நினைக்கிறார்கள். அப்போது பார்வையாளராகப் போகும் வழி மட்டுமே மிச்சம் இருக்கும். பேசுபவர் என்ற தகுதி இருந்தால் பல்கலைக்கழகப் பயண நிதி கிடைப்பதும் எளிது. முதல் முறை தனியாக எழுத வேண்டாம். மேற்பார்வையாளரையோ பேராசிரியரையோ இன்னொரு பல்கலைக்கழக மாணவரையோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டிப் பதிவு செய்வோருக்கான சலுகைக் கட்டணத்துக்குக் கடைசி நாள் உண்டு. அதற்கு முன்பே மாணவர் உறுப்பினராகச் சேர்ந்துவிடுங்கள். மாணவர் கட்டணத்துக்கும் முழுநேர ஊழியர் கட்டணத்துக்கும் இடைவெளி மிகப் பெரியது.

4. பணம்

பலர் இந்தப் படியிலேயே நின்றுவிடுகிறார்கள், கேட்கக் கூச்சப்பட்டு. கேளுங்கள். கேட்க வேண்டிய இடங்கள் நான்கு. முதலாவது, உங்கள் உதவிப் பணி ஒப்பந்தம். தொழில் வளர்ச்சிக்கென ஒரு தொகை அதிலேயே எழுதப்பட்டிருக்கலாம். படித்துப் பாருங்கள். பலர் படிப்பதே இல்லை. இரண்டாவது, உங்கள் துறை. மூன்றாவது, முதுகலை மாணவர் மன்றம் தரும் பயண நிதி. நான்காவது, சங்கங்களே தரும் உதவித்தொகையும், மாநாட்டில் தொண்டராகச் சில மணி நேரம் வேலை செய்தால் கிடைக்கும் கட்டணச் சலுகையும்.

மேற்பார்வையாளருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பத்தியில் உங்கள் கேள்வியும் எண்ணும். இரண்டாவது பத்தியில் அந்தக் கேள்விக்கு உதவக்கூடிய மூன்று அமர்வுகளின் பெயர். மூன்றாவதில் செலவுப் பட்டியல்: பதிவு, பயணம், தங்குமிடம், உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து. கடைசியில், திரும்பி வந்தபின் அலுவலகத்துக்கு என்ன தருவீர்கள் என்று ஒரு வரி. நாஸ்பாவும் ஏசிபிஏவும் சேர்ந்து 2010-ல் வெளியிட்டு 2015-ல் திருத்திய தொழில் திறன் பட்டியலில் பத்துத் திறன்கள் இருக்கின்றன. உங்கள் கேள்வி அதில் எதைத் தொடுகிறது என்று குறிப்பிட்டால், மேலிடத்தில் ஒப்புதல் வாங்க உங்கள் மேற்பார்வையாளருக்கு வசதியாக இருக்கும். என் கடிதத்தில் ‘சட்டம், கொள்கை, ஆளுகை’, ‘சமூக நீதி’ என்ற இரண்டைக் குறிப்பிட்டேன்.

ஒப்புதல் கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் நீங்கள் முதலில் சொந்தப் பணத்தைச் செலவழித்து, ரசீது கொடுத்து, பிறகு திரும்பப் பெற வேண்டும். நான் செலவழித்த தொகை திரும்பி வர ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் வீட்டு வாடகை காத்திருக்கவில்லை. புதிதாக அமெரிக்கா வந்த மாணவரிடம் பெரிய வரம்புள்ள கிரெடிட் கார்டும் இருக்காது. ஆகவே முதலிலேயே தெளிவாகக் கேளுங்கள்: “பதிவுக் கட்டணத்தையும் விமான டிக்கெட்டையும் அலுவலகமே நேரடியாகச் செலுத்த முடியுமா?” பல அலுவலகங்களில் அதற்கு வழி இருக்கிறது. கேட்டவருக்குச் செய்து தருவார்கள். கேட்காதவருக்கு அப்படி ஒரு தேவை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

தங்கும் அறையை வகுப்புத் தோழர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள். ரசீதுகளை அன்றன்றே கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். கடைகளின் வெப்ப அச்சு ரசீது சீக்கிரம் வெளுத்துவிடும். ரத்து விதிகளையும் படியுங்கள். 2020 மார்ச்சில் ஆஸ்டினில் நடக்கவிருந்த நாஸ்பா மாநாடு கொரோனாவால் ரத்தானது.

5. விசாவில் இருப்பவருக்கு

உள்நாட்டு விமானத்துக்கு உங்கள் பாஸ்போர்ட் போதும். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தின் நகல் ஒன்றும் பையில் இருக்கட்டும். ஆனால் எல்லா மாநாடும் அமெரிக்காவுக்குள்ளேயே நடப்பதில்லை. 2016-ல் ஏசிபிஏ கனடாவின் மொன்ரியாலில் கூடியது. அப்படியானால் கனடா விசா, ஐ-20-ல் பயணக் கையெழுத்து, திரும்பி நுழைய அமெரிக்க விசா எல்லாம் செல்லுபடியாக இருக்கிறதா என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் மாதங்களுக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பதிவுப் படிவத்தில் உணவு விருப்பம் கேட்கும் கட்டத்தை நிரப்புங்கள். சைவம் என்று எழுதாதவருக்கு மதியம் கிடைப்பது ரொட்டியும் கீரை இலையுமாக முடிந்துவிடும்.

6. அமர்வுகளைக் குறையுங்கள்

ஒரே நேரத்தில் இருபது அமர்வுகள்கூட நடக்கும். நாளுக்கு மூன்றுக்கு மேல் போகாதீர்கள். ஒன்று உங்கள் கேள்விக்கு நேராக உதவுவது. ஒன்று நீங்கள் இதுவரை தொடாத பணியைப் பற்றியது. மூன்றாவது ஒரு வட்டமேசை உரையாடல் அல்லது போஸ்டர் அரங்கு. எனக்கு அதிகம் பயன்பட்டவை போஸ்டர்கள். ஆராய்ச்சி செய்தவர் தன் தாளுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார், முன்னால் வரிசை இல்லை, பத்து நிமிடம் முழுதாக உங்களுக்கே. பெரிய மேடைப் பேச்சில் அது நடக்காது.

முதல் நாள் மாலை புதியவர்களுக்கும் முதுகலை மாணவர்களுக்கும் என்று வரவேற்புக் கூட்டங்கள் இருக்கும். களைப்பாக இருந்தாலும் போங்கள். பெயரட்டையின் அடியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வண்ண ரிப்பன்கள் ஒட்டிக்கொள்ளும் வழக்கம் அங்கே உண்டு. ‘முதல் முறை வருபவர்’ என்ற ரிப்பனைக் கூச்சமில்லாமல் ஒட்டிக்கொள்ளுங்கள். அதைப் பார்த்துத்தான் மூத்தவர்கள் தாமாக வந்து பேசுவார்கள்.

7. பேசுவது

நம்மில் பலருக்கு இது கடினம். மூத்தவர்களிடம் வலியப் போய்ப் பேசாதே என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அங்கே போய்ப் பேசாமல் நின்றால் அதை மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, ஆர்வமில்லை என்றுதான் நினைக்கிறார்கள். சார், மேடம் வேண்டாம். பெயரட்டையில் உள்ள முதற்பெயரைச் சொல்லி அழைக்கலாம். முனைவர் பட்டம் பெற்றவரை அவரே வேண்டாம் என்று சொல்லும்வரை ‘டாக்டர்’ போட்டு அழைப்பது நல்லது.

அமர்வு முடிந்ததும் பேச்சாளரைச் சுற்றிக் கூட்டம் சேரும். அதில் முண்டியடிக்காமல், அமர்வில் நல்ல கேள்வி கேட்ட பார்வையாளர் யார் என்று பாருங்கள். நான் அப்படித்தான் அந்த அம்மையாரைச் சந்தித்தேன். ஒரு சிறு கல்லூரியின் விடுதி இயக்குநர். வாசலருகே தன் குடுவையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். போய் என் பெயரையும் வேலையையும் சொல்லிவிட்டு நேராகக் கேட்டேன்.

“குளிர்கால விடுமுறையில் போக இடமில்லாத மாணவர்களை உங்கள் கல்லூரியில் என்ன செய்கிறீர்கள்?”

அவர் குடுவையை மூடினார். “உங்கள் விடுதியில் அப்படி எத்தனை பேர்?”

எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்தது வராந்தாவில் நின்றவர்களை மட்டும்.

“வராந்தாவில் நிற்பவர்கள் சொல்லத் துணிந்தவர்கள். மற்றவர்கள் நண்பர் வீட்டுச் சோபாவில் இருப்பார்கள், காரில்கூட இருப்பார்கள். நாங்கள் நவம்பரில் கேட்பதில்லை. செப்டம்பரிலேயே எல்லோரிடமும் கேட்டுவிடுவோம். எண் இல்லாமல் டீனிடம் போகாதீர்கள்.”

தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அறை ஒதுக்கீட்டுப் படிவம். அதன் நடுவில், படுக்கை வசதிக்கும் உணவுத் திட்டத்துக்கும் இடையில், சாதாரணமாக ஒரு வரி: ‘விடுமுறை நாட்களில் எங்கே தங்குவீர்கள்? இன்னும் முடிவாகவில்லை என்றால் இங்கே குறியிடுங்கள்.’ யாரும் தன் வறுமையைச் சொல்லத் தேவையில்லாதபடி எழுதப்பட்ட வரி. ஒரு குறி போட்டால் போதும். அந்த ஆறு நிமிடப் பேச்சில் நான் கற்றதை முந்தைய மாநாட்டின் பதினொரு அமர்வுகளில் கற்கவில்லை.

அப்படிப் பேசி முடித்ததும் கூட்டத்தை விட்டு ஒதுங்கி, இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்: யார், என்ன சொன்னார், நீங்கள் என்ன அனுப்புவதாகச் சொன்னீர்கள். மாலைக்குள் முகங்கள் கலந்துவிடும்.

8. வேலை தேடுபவருக்கு

மே மாதம் பட்டம் பெறுபவருக்கு மார்ச் மாநாடு நேர்முகத் தேர்வுக் காலமும்கூட. மாநாட்டையொட்டி ஆள்சேர்ப்பு நடப்பது இந்தத் துறையின் பழைய வழக்கம். விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷில் பெரும்பாலும் விடுதிப் பணிகளுக்கான ஓர் ஆள்சேர்ப்புச் சந்தை பல பத்தாண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. இப்போது முதல் சுற்றுத் தேர்வுகள் பல காணொளியிலேயே முடிகின்றன. நேரில் நடந்தால், ஒரு பெரிய மண்டபத்தில் வரிசையாகச் சிறு மேசைகள் இருக்கும். ஒவ்வொரு மேசையிலும் அரை மணி நேரம். அடுத்த மேசையின் பேச்சு உங்கள் காதில் விழும். நாளுக்கு நான்கு தேர்வுக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஐந்தாவதில் எந்தக் கல்லூரியிடம் எதைச் சொன்னோம் என்பது மறந்துபோகும். உங்கள் கேள்வியை இங்கேயும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலிலிருந்து அந்த இடத்தில் மாணவரை எப்படி நடத்துகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் சில கணக்குகளை மனத்தில் வைக்க வேண்டும். படிப்பு முடிந்தபின் வேலை செய்ய அனுமதிக்கும் ஓபிடி 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு மாணவர் நலப் படிப்புக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். தொடங்கிய பிறகு மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. மறுபுறம், பல்கலைக்கழகங்கள் எச்-1பி வேலை விசாவுக்கான ஆண்டு வரம்புக்குள் வருவதில்லை. தனியார் நிறுவனங்களைப் போலக் குலுக்கலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனாலும் நுழைவு நிலைப் பணிகளுக்கு விசா ஆதரவு தருவதில்லை என்று முடிவெடுத்த பல்கலைக்கழகங்கள் உண்டு. இரண்டாம் சுற்றுக்கு அழைக்கும்போதே மனிதவளத் துறையின் கொள்கை என்ன என்று மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். வேலை கிடைத்த பிறகு கேட்டு உடைந்துபோன நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், கையெழுத்திடும் முன் உங்கள் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு முறை சரிபாருங்கள்.

9. ஓய்வு

ஒரு நாளில் ஒரு மணி நேரம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். அதற்கு யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. மாலை விருந்துகளில் மது இருக்கும். குடிக்காதவர் எலுமிச்சைத் துண்டு போட்ட சோடாவோடு நின்றால் யாரும் கேட்கப் போவதில்லை.

10. திரும்பி வந்த வாரம்

வந்த மூன்று நாளுக்குள் மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி’ என்று மட்டும் எழுதினால் பதில் வராது. அவர் சொன்ன ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டு, அதை வைத்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஐந்து பேருக்கு இப்படி எழுதுவது, லிங்க்ட்இன்னில் ஐம்பது பேரைச் சேர்ப்பதைவிட உதவும். பயணச் செலவுக் கணக்கையும் அதே வாரம் கொடுத்துவிடுங்கள்.

அலுவலகத்துக்கு இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுதுங்கள். எல்லா அமர்வுகளின் சுருக்கமும் யாருக்கும் வேண்டாம். கேள்வி, கேட்டவை, அடுத்து செய்யக்கூடியது என்ற மூன்றும் போதும். நான் ஏப்ரலில் எழுதிய குறிப்பை என் மேற்பார்வையாளர் இரண்டு கேள்விகளோடு திருப்பித் தந்தார்: எத்தனை மாணவர், விடுமுறையில் விடுதியைத் திறந்து வைத்தால் காவலருக்கு எவ்வளவு செலவு. முதலாவதற்கு விடை காண அந்த அம்மையாரின் வரியைச் செப்டம்பர் படிவத்தில் சேர்க்க அனுமதி வாங்கினோம். 31 பேர் குறியிட்டிருந்தார்கள். நாங்கள் வராந்தாவில் பார்த்தது ஆறு பேரை.

அந்தச் செப்டம்பரிலேயே அம்மையாரும் நானும் சேர்ந்து அடுத்த மார்ச் மாநாட்டுக்கு அமர்வு விண்ணப்பம் அனுப்பினோம். டிசம்பரில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் தளம் மட்டும் திறந்திருந்தது. காவலர் ஒருவர், பொதுச் சமையலறை ஒன்று. விடுமுறையின் முதல் இரவு நான் போனபோது அந்த ரைஸ் குக்கர் மேடையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர் தட்டோடு நின்றார்கள்.